நடைமுறையில் வராத இம்பல்ஸுக்கு ஏன் இத்தனை மரியாதை?

கேள்வி இதுதான். நேரியல், காலம் மாறாத அமைப்பு ஒன்றின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது இம்பல்ஸ் என்ற ஒரு கணத் துடிப்புக்கு அது தரும் பதில், தெரிந்துவிட்டால் அந்த அமைப்பையே தெரிந்துகொண்டதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் அகலம் பூஜ்யமும் உயரம் முடிவிலியுமான ஒரு துடிப்பை எந்த ஆய்வகத்திலும் உருவாக்க முடியாது. உருவாக்கவே முடியாத ஒன்றுக்கு அமைப்பு என்ன பதில் சொன்னால் நமக்கென்ன? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு சைன் அலையோ, ஒரு பாட்டோ உள்ளே போனால் என்ன வெளிவரும் என்று எப்படிச் சொல்ல முடியும்? உள்ளீட்டையும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸையும் வைத்து வெளியீட்டைக் கணக்கிடும் கன்வல்யூஷனில் ஒரு சிக்னலைத் திருப்பிப் போடுகிறார்களே, அது எதற்கு?

மூன்றும் நியாயமான கேள்விகள். வகுப்பில் இவற்றுக்குப் பதில் கிடைக்காததில் வியப்பில்லை. கரும்பலகையில் தொகையீட்டுச் சூத்திரத்தை எழுதி, "திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு" என்று மந்திரம்போல் ஒப்பிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கம். தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். விஷயம் மட்டும் பிடிபடாது.

முடிவிலியை முதலில் ஓரங்கட்டுவோம். கணினிக்குள் சிக்னல் என்பது எண்களின் வரிசை; ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். அங்கே இம்பல்ஸ் என்றால் 1, 0, 0, 0 என்று போகும் வரிசை, அவ்வளவுதான். இப்போது 2, 3, −1 என்ற மூன்று சாம்பிள் கொண்ட சிக்னலைப் பாருங்கள். முதலில் ஓர் இம்பல்ஸ், 2 மடங்கு. ஒரு படி தள்ளி இன்னொன்று, 3 மடங்கு. இன்னும் ஒரு படி தள்ளி மூன்றாவது, −1 மடங்கு. இவற்றைக் கூட்டினால் நம் சிக்னல் வந்துவிடுகிறது. எந்தச் சிக்னலை எடுத்தாலும் இதே கதைதான். அதனால் இம்பல்ஸ் நடைமுறையில் வராது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வருவதெல்லாம் அதுதான், வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது.

மீதி வேலையை அந்த இரண்டு அடைமொழிகள் செய்கின்றன. நேரியல் என்றால், உள்ளீட்டை இரு மடங்காக்கினால் வெளியீடும் இரு மடங்காகும். இரண்டு உள்ளீடுகளைச் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனி வெளியீடுகளின் கூட்டல் வரும். காலம் மாறாதது என்றால், ஒரு நொடி தாமதமாகக் கொடுத்ததற்கு ஒரு நொடி தாமதமாக அதே பதில் வரும். ஆகவே ஒரே ஓர் இம்பல்ஸுக்கான பதில் கையில் இருந்தால் போதும். உயரம் மாறினால் பெருக்கிக்கொள்ளலாம், நேரம் மாறினால் நகர்த்திக்கொள்ளலாம், பல வந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

கையால் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஓர் அமைப்பின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 1, 0.5, 0.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, ஒரு தட்டு தட்டினால் அந்தக் கணத்தில் 1, அடுத்த படியில் 0.5, அதற்கடுத்து 0.25, பிறகு அமைதி. இதற்குள் 2, 3, −1 போகிறது. முதல் சாம்பிளான 2 தன் பங்குக்கு 2, 1, 0.5 என்று விட்டுச் செல்கிறது. இரண்டாவதான 3 ஒரு படி தாமதமாகத் தொடங்கி 3, 1.5, 0.75 என்று விட்டுச் செல்கிறது. மூன்றாவது, இரண்டு படி தாமதமாக, −1, −0.5, −0.25. நேரம் பார்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால் வெளியீடு 2, 4, 1, 0.25, −0.25. சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. உள்ளீட்டின் கூட்டுத்தொகை 4, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் கூட்டுத்தொகை 1.75, பெருக்கினால் 7. வெளியீட்டின் கூட்டுத்தொகையும் 7. கன்வல்யூஷன் போடும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பாதிப் பிழைகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதுவரை எதையாவது திருப்பிப் போட்டோமா? இல்லை. உள்ளீட்டின் பக்கம் நின்று, "இந்தச் சாம்பிள் எதிர்காலத்தில் என்னென்ன விட்டுச் செல்லும்?" என்று கேட்டோம், அங்கே திருப்புவதற்கு வேலையே இல்லை. இப்போது வெளியீட்டின் பக்கம் வந்து நின்று, மூன்றாவது எண்ணான 1 எப்படி வந்தது என்று கேளுங்கள். இப்போதுதான் வந்த −1-ஐ 1-ஆல் பெருக்கியது, ஒரு படி பழைய 3-ஐ 0.5-ஆல் பெருக்கியது, இரண்டு படி பழைய 2-ஐ 0.25-ஆல் பெருக்கியது; மூன்றும் சேர்ந்து −1 + 1.5 + 0.5. உள்ளீட்டின் வரிசை 2, 3, −1. அவற்றோடு பெருக்கப்பட்ட எண்களின் வரிசை 0.25, 0.5, 1. திருப்பம் என்பது இங்கே தானாக வந்துவிட்டது. வெளியீட்டில் நின்று பார்ப்பவருக்குப் பழையது தொலைவிலும் புதியது அருகிலும் இருக்கிறது. அதனால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் முதல் எண் கடைசியாக வந்த சாம்பிளோடு சேர்கிறது. கணிதச் சடங்கு எதுவும் இதில் இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இந்த இரண்டாவது பார்வையைத்தான். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை "தட்டினால் வரும் பதில்" என்று மட்டும் நினைத்தால் குழப்பம் தீராது. அது அந்த அமைப்பு தன் கடந்த காலத்தை எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறது என்பதன் பட்டியல். இப்போது வந்ததற்கு இவ்வளவு எடை, ஒரு படி பழையதற்கு இவ்வளவு, நூறு படி பழையதற்கு இவ்வளவு. வெளியீடு என்பது அந்த எடைகளை வைத்துப் போட்ட கூட்டல். இம்பல்ஸ் என்பது அந்தப் பட்டியலை வாசிக்க உதவும் வழிகளில் ஒன்று மட்டுமே.

சைன் அலை பற்றிய கேள்விக்கு இப்போது பதில் எளிது. விநாடிக்கு 1000 சாம்பிள் எடுக்கும் ஒரு கருவி, கடைசி 20 சாம்பிள்களின் சராசரியை வெளியீடாகத் தருகிறது என்று வையுங்கள். அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் இருபது முறை 1/20, அதன்பின் பூஜ்யம். நம் வீட்டு மின்சாரத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இதற்குள் போனால் என்ன ஆகும்? 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்று 20 மில்லி விநாடி, அதாவது சரியாக 20 சாம்பிள். ஒரு முழுச் சுற்றில் மேலே போனதும் கீழே போனதும் சமம்; சராசரி பூஜ்யம். எந்தக் கணத்தில் பார்த்தாலும் பூஜ்யம். நாம் அளக்க விரும்பும் நிலையான மின்னழுத்தமோ அப்படியே வெளியே வருகிறது, ஏனென்றால் எடைகளின் கூட்டுத்தொகை 1.

இது காகிதக் கணக்கு அல்ல. இரட்டைச் சரிவு முறையில் இயங்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர்கள் மின்னழுத்தத்தை மின்சாரச் சுற்றின் முழு மடங்கு நேரத்துக்குத் தொகுத்து அளப்பதன் காரணம் இதுதான். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் 20 மில்லி விநாடி உதவாது, 16.67 வேண்டும். 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் அதற்குள் 50 ஹெர்ட்ஸ் 5 சுற்றும் 60 ஹெர்ட்ஸ் 6 சுற்றும் முழுமையாக அடங்கும். ஒரே கருவியை இரு நாட்டிலும் விற்கலாம்.

பொதுவாகச் சொன்னால், இத்தகைய அமைப்புக்குள் சைன் அலை போனால் அதே அதிர்வெண் கொண்ட சைன் அலைதான் வெளியே வரும். வீச்சும் கட்டமும் (அலை நேரத்தில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது) மட்டும் மாறும். எவ்வளவு மாறும் என்பதை எடைப் பட்டியலை அந்த அதிர்வெண்ணோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறோம். எல்லா அதிர்வெண்ணுக்கும் அதைச் செய்து முடித்தால் அதன் பெயர் ஃபூரியே உருமாற்றம். அதிர்வெண் ரெஸ்பான்ஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. இதே பட்டியலின் மறுபக்கம் அது.

இனி அந்த முடிவிலி. தொடர்ச்சியான நேரத்தில் ஓடும் மின்சுற்றில் சாம்பிள் என்று ஒன்று இல்லையே? 10 கிலோ ஓம் மின்தடையும் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் கொண்ட சாதாரணச் சுற்றை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் கால மாறிலி 0.1 விநாடி. இதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் விநாடிக்கு 10 என்ற உயரத்தில் தொடங்கி, ஒவ்வொரு 0.1 விநாடிக்கும் சுமார் 37 சதவீதமாகத் தேய்ந்துகொண்டே போகும். "விநாடிக்கு 10" என்ற அலகைக் கவனியுங்கள். வோல்ட் அல்ல. இம்பல்ஸின் அளவு அதன் பரப்பு, வோல்ட்-விநாடி; இரண்டையும் பெருக்கினால்தான் வோல்ட் வரும். இந்த அலகை விட்டுவிடுவதால்தான் பல மாணவர்கள் மின்தேக்கியில் 10 வோல்ட் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று விழிக்கிறார்கள்.

இந்தச் சுற்றுக்கு 5 வோல்ட் துடிப்பை 1 மில்லி விநாடி கொடுங்கள். பரப்பு 0.005. கணிப்புப்படி மின்தேக்கி 0.05 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். துல்லியமாகக் கணக்கிட்டால் 0.04975. அடுத்து, 10 வோல்ட்டை அரை மில்லி விநாடி கொடுங்கள். பரப்பு அதேதான்; வெளியீடு 0.04988. உயரம் இரு மடங்கு, அகலம் பாதி. ஆனால் சுற்றுக்கு அந்த வேறுபாடு ஏறக்குறையத் தெரியவே இல்லை. துடிப்பு சதுரமா முக்கோணமா என்பதும் தெரியாது. பரப்பு மட்டுமே அதன் கண்ணில் படுகிறது. இப்போது 5 வோல்ட்டை 50 மில்லி விநாடி கொடுத்துப் பாருங்கள். பரப்பு 0.25, கணிப்பு 2.5 வோல்ட், உண்மையில் கிடைப்பது 1.97 வோல்ட். கணிப்பு பொய்த்துவிட்டது, ஏனென்றால் துடிப்பு முடிவதற்குள் சுற்று தன் பழைய ஞாபகத்தை இழக்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே இம்பல்ஸ் என்பது துடிப்பின் குணம் மட்டும் அல்ல. துடிப்புக்கும் அமைப்புக்கும் இடையிலான உறவு. அமைப்பின் கால அளவோடு ஒப்பிட மிகக் குறுகியதாக இருந்தால் அது அந்த அமைப்புக்கு இம்பல்ஸ். 1 மில்லி விநாடித் துடிப்பு இந்தச் சுற்றுக்கு இம்பல்ஸ். வானொலிப் பெறுநரின் வடிகட்டிக்கு அது ஒரு யுகம். முடிவிலி உயரம் என்பதெல்லாம் "எவ்வளவு குறுகினாலும் பரப்பு மாறாமல் வை" என்ற கட்டளையின் கணிதச் சுருக்கெழுத்து. அந்தச் சுருக்கெழுத்தைப் பிரபலமாக்கிய பால் டிராக் முதலில் மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். அதற்குக் கறாரான கணித அடித்தளம் அமைத்த லோரான் ஷ்வார்ட்ஸுக்கு 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. பொறியாளர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

இயந்திரங்களின் அதிர்வைச் சோதிப்பவர்கள் விசை உணரி பொருத்திய சுத்தியலால் தட்டுகிறார்கள். சுத்தியல் முனையில் ரப்பர் போட்டால் தொடுநேரம் நீளும். தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டுமே கிளறப்படும். எஃகு முனை போட்டால் தொடுநேரம் சுருங்கி உயர் அதிர்வெண்களும் எழும். சந்தையில் மண்பானையை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துப் பார்ப்பவர் செய்வதும் இதே சோதனைதான். விரிசல் விழுந்த பானையின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் சட்டென்று அடங்கிவிடும்.

எடைப் பட்டியல் என்ற பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இஸ்தான்புல்லில் உள்ள ஹாகியா சோபியா. கி.பி. 537-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பேராலயத்தில் எதிர்முழக்கம் 10 விநாடிக்கும் மேல் நீடிக்கிறது. 1453-இல் மசூதியான கட்டடம், 20-ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகி, 2020-இல் மீண்டும் மசூதியானது. அங்கே பைசாந்தியப் பாடல்களைப் பாடிப் பதிவுசெய்ய வழியில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் பிஸ்ஸெரா பென்ட்சேவாவும் ஒலி ஆய்வாளர் ஜோனத்தன் ஏபெலும் வேறு வழி கண்டார்கள். கட்டடத்துக்குள் பலூன்கள் உடைக்கப்பட்டு அந்த ஓசை பதிவானது. பலூன் வெடிப்பு சுத்தமான இம்பல்ஸ் அல்ல. ஆகவே பதிவைத் திருத்தி அதிலிருந்து அந்த மண்டபத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை மதிப்பிட்டார்கள். 2013-இல் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டின் பிங் அரங்கில் கப்பெல்லா ரோமானா என்ற பாடகர் குழு மேடையேறியது. பாடகர்களின் அருகே பொருத்திய மைக்குகளிலிருந்து வந்த குரல் அந்தப் பட்டியலோடு நேரடியாக கன்வல்யூஷன் செய்யப்பட்டு ஒலிபெருக்கிகளில் வந்தது. இஸ்தான்புல்லின் குவிமாடத்துக்கடியில் பாடினால் கேட்கும் முழக்கம் கலிஃபோர்னியாவில் கேட்டது.

கணக்கு எளிதாகத் தோன்றினாலும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்றால் 10 விநாடி முழக்கத்துக்கு 4,80,000 எடைகள். ஒவ்வொரு வெளியீட்டுச் சாம்பிளுக்கும் அத்தனை பெருக்கல். ஒரு விநாடிக்கு 2,304 கோடி பெருக்கல்கள், அதுவும் ஒரு குரலுக்கு. 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியே உருமாற்ற முறை இந்தச் சுமையை நம்ப முடியாத அளவுக்குக் குறைக்கிறது. ஆனால் அதற்குச் சாம்பிள்களைத் தொகுதியாகச் சேர்த்தாக வேண்டும். சேர்க்கும் நேரம் தாமதமாகிவிடும். தன் குரல் தாமதமாகக் கேட்டால் பாடகரால் பாட முடியாது. பட்டியலின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும் வாலைப் பெரிய துண்டுகளாகவும் வெட்டித் தாமதத்தை ஒழிக்கும் உத்தியை வில்லியம் கார்ட்னர் 1995-இல் வெளியிட்டார். எதிர்முழக்கம் தரும் மென்பொருள்களில் இன்றும் இந்த வகை வெட்டு வேலைதான் நடக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன்: அரங்குகளை அளப்பவர்கள் இன்று பெரும்பாலும் பலூனையோ துப்பாக்கியையோ தேடிப் போவதில்லை. குறுகிய வெடிப்பில் ஆற்றல் கொஞ்சம்தான். அறையின் இரைச்சலில் வால் மூழ்கிவிடும். ஒவ்வொரு முறையும் வெடிப்பு ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. அதற்குப் பதிலாக, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மெல்ல ஏறும் சைன் ஒலியைப் பல விநாடிகள் ஒலிபெருக்கியில் விட்டு, அறையில் பதிவானதிலிருந்து அந்த ஏற்றத்தைக் கணக்கால் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். இம்பல்ஸே கொடுக்காமல்! அதிர்வெண் அடுக்குமுறையில் ஏறும் வகையை 2000-இல் இத்தாலியின் ஆஞ்செலோ ஃபாரினா முன்வைத்தார். அதில் ஓர் அழகு உண்டு. ஒலிபெருக்கியின் நேரியல் அல்லாத கோளாறுகள் பிரித்தெடுத்த பதிலில் உண்மையான தொடக்கத்துக்கு முன்பாகத் தனித்தனியே வந்து நிற்கும், வெட்டி எறிந்துவிடலாம்.

தொழிற்சாலைக் கொதிகலனுக்கு இம்பல்ஸ் கொடுக்க எந்தப் பொறியாளரும் துணிய மாட்டார். அவர் வால்வைச் சற்றே திறந்து அப்படியே விட்டுவிட்டு வெப்பநிலை ஏறுவதைப் பார்ப்பார். அந்த ஏறுகோட்டின் சாய்வுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்.

நிலைத்தன்மை, முற்காரணத்தன்மை இரண்டும் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். தட்டுவதற்கு முன்பே எடை இருந்தால் அது எதிர்காலத்தைப் பார்க்கும் அமைப்பு. நேரடியாக இயங்கும் கருவியில் சாத்தியமில்லை. எடைகளின் குறியை நீக்கிக் கூட்டும்போது கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருந்தால், உள்ளீடு எல்லைக்குள் இருக்கும்வரை வெளியீடும் எல்லைக்குள் இருக்கும்; வெளியிலிருந்து பார்க்க அமைப்பு நிலையானது.

எங்கே இது உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் வெட்டுப்பட்டால் நேரியல் போயிற்று. மெதுவாகத் தட்டி எடுத்த பட்டியல் உரக்கப் பாடும்போது பொருந்தாது. அளந்துகொண்டிருக்கும்போதே காற்றோட்டம் மாறினாலோ, ஆட்கள் நடமாடினாலோ காலம் மாறாமை போயிற்று. மூன்றாவதாக, பட்டியல் சொல்வது ஓய்வில் இருந்த அமைப்பின் பதிலை மட்டும்தான். மின்தேக்கியில் ஏற்கெனவே மின்னூட்டம் இருந்தால் அதன் பங்கைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

"எல்லாம் தெரிந்துவிடும்" என்ற பாடப்புத்தக வாக்கியத்தில் எனக்குள்ள உண்மையான புகார் நான்காவது. இரண்டு பெட்டிகளைத் தொடராக இணையுங்கள். முதல் பெட்டி: இப்போதைய உள்ளீட்டிலிருந்து முந்தைய உள்ளீட்டின் இரு மடங்கைக் கழிக்கும். இரண்டாவது பெட்டி: தனக்கு வந்ததோடு தன் முந்தைய வெளியீட்டின் இரு மடங்கைக் கூட்டும். 1, 0, 0, 0 கொடுங்கள். முதல் பெட்டியிலிருந்து 1, −2, 0, 0 வரும். இரண்டாவதிலிருந்து 1, 0, 0, 0. கொடுத்தது அப்படியே திரும்பி வந்துவிட்டது. பட்டியலைப் பார்த்தால் இதைவிட நல்ல அமைப்பு உலகில் கிடையாது. ஆனால் இரண்டாவது பெட்டியின் நினைவகத்தில், ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சிறு பிழை தங்கிவிட்டதாக வையுங்கள். ஒவ்வொரு படியிலும் அது இரட்டிக்கும். 50 படிகளில் அது 1-ஐத் தாண்டிவிடும். இன்னும் 10 படிகளில் ஆயிரத்தையும் தாண்டும். உள்ளே இருக்கும் இந்த வெடிகுண்டு உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்குப் போகும் பாதையில் கண்ணுக்கே படாது. ருடால்ஃப் கால்மன் 1960-களின் தொடக்கத்தில் நிலை மாறிகளை, அதாவது அமைப்பின் நினைவகத்தில் இருக்கும் எண்களை, வைத்து இந்த ஒளிந்த பகுதிகளை முறையாக வகைப்படுத்தினார். எனவே வெளியிலிருந்து அளக்கும் அறைக்கோ ஒலிபெருக்கிக்கோ இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை நம்பலாம். நீங்களே வடிவமைக்கும் வடிகட்டி என்றால் அதோடு நிற்காமல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நினைவக எண்ணையும் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள்.